ஷாக்கில் காற்று ஏற்றும் முன்: முழு சஸ்பென்ஷன் மலை சைக்கிளை நாமே கட்டுவது

நான் முதலில் கட்டிய முழு சஸ்பென்ஷன் வண்டி (முன், பின் இரண்டு சக்கரமும் அதிர்வுக்கு அமுங்கி எழும் சைக்கிள்) ஸ்டாண்டில் தொங்கியபோது குறை சொல்ல எதுவுமில்லை. கியர் சத்தமில்லாமல் மாறியது, பிரேக் கச்சிதமாகப் பிடித்தது, கேபிளும் ஹோஸும் ஃப்ரேமை ஒட்டி அழகாகப் போயின. முதல் நாள் இடுப்புயரப் பாறை ஒன்றிலிருந்து இறங்கினேன். தரையில் பட்ட கணத்தில் பின்னால் 'டப்' என்றது. பின் பிரேக் ஹோஸ் காலிப்பரோடு (சக்கரத்தின் தட்டைக் கவ்வும் பிரேக் பாகம்) சேரும் இடத்தில் பிய்ந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. நான் அதைக் கொண்டுபோயிருந்த வழியில், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது இன்னும் 4 செ.மீ. ஹோஸ் தேவைப்பட்டிருக்கிறது. ஸ்டாண்டில் அது தெரியவே தெரியாது. முன் பிரேக்கை மட்டும் பிடித்தபடி வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வண்டிகள் கட்டிவிட்டேன், எனக்காக இரண்டு, தம்பிக்காக ஒன்று. மூன்றிலும் ஒரே முறைதான்: ஷாக்கில் (பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் காற்று ஸ்பிரிங்) காற்று இல்லாமல் வண்டியைக் கட்டுவேன், அமுக்கிய நிலையில் எல்லாவற்றையும் அளப்பேன், காற்றைக் கடைசியில்தான் ஏற்றுவேன். கீழே எழுதியிருப்பது அந்த வரிசைதான்.

பாகங்களை வாங்கும் முன் ஒரு தாள்

ஃப்ரேம்தான் முதலில். மற்றவை எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. இப்போது நான் ஓட்டுவது அலுமினிய ஃப்ரேம், டிராவல் (சக்கரம் அமுங்கும் தூரம்) பின்னால் 140 மி.மீ., முன்னால் 150 மி.மீ., இரண்டு சக்கரமும் 29 அங்குலம். அதற்குரிய தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) 148×12, முன் ஹப் 110×15, ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) மேலே 44, கீழே 56, பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுழலும் பேரிங்) 73 மி.மீ. மரை வைத்தது, சீட்போஸ்ட் 31.6, ஷாக் 210×55. இந்தத் தாள் கையில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இடறி விழும் இடம் கேசட், அதாவது பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு. ஸ்ராம் எக்ஸ்.டி. கேசட் ஷிமானோ மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப்பில் (ஹப்பில் கேசட் ஏறும் உருளை) ஏறாது. வீல் வாங்கும்போதே ஃப்ரீஹப்பை முடிவு செய்துவிட வேண்டும்.

ஷாக்கின் இரண்டு எண்களையும் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. 210 என்பது ஒரு கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையம் வரை உள்ள நீளம். 55 என்பது அது அமுங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக். 140ஐ 55ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.5. ஷாக் 1 மி.மீ. அமுங்கினால் சக்கரம் சராசரியாக 2.5 மி.மீ. மேலே வருகிறது. ஃப்ரேம் செய்தவர் சொன்னதைவிட 5 மி.மீ. கூடுதல் ஸ்ட்ரோக் உள்ள ஷாக்கைப் போட்டால் சக்கரம் 12 மி.மீ. கூடுதலாக மேலே வரும். பல ஃப்ரேம்களில் அந்த 12 மி.மீ.யில் டயர் சீட் டியூபைத் தொட்டுவிடும்.

ஃபோர்க்கிலும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) ஆசைப்பட வேண்டாம். 10 மி.மீ. நீளமான ஃபோர்க் ஹெட் கோணத்தை (முன்பக்கம் சாயும் கோணம்) ஏறக்குறைய அரை டிகிரி சாய்க்கும், பாட்டம் பிராக்கெட்டையும் 3, 4 மி.மீ. உயர்த்தும். ஃப்ரேம் எவ்வளவு வரை தாங்கும் என்று செய்தவர் குறிப்பிட்டிருப்பார். அதைத் தாண்ட வேண்டாம்.

எந்த லிங்க் அமைப்பு (பின் சக்கரத்தை ஃப்ரேமோடு இணைக்கும் கைகளின் அமைப்பு) உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். ஹார்ஸ்ட் லைட்னரின் பெயரால் ஹார்ஸ்ட் லிங்க் என்று சொல்கிறார்களே, செயின்ஸ்டேயில் (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) பின் அச்சுக்கு முன்னால் ஒரு பிவட் (மூட்டு) வைத்த அமைப்பு, என்னுடையது அதுதான். தம்பியுடையது சிங்கிள் பிவட், பின் சக்கரம் ஒரே பிரதான மூட்டில் ஆடுவது. சரியாகக் காற்று வைத்த சிங்கிள் பிவட், தப்பாகக் காற்று வைத்த எதையும் விட நன்றாக ஓடும். இந்த விஷயத்தில் இதற்கு மேல் சண்டைக்கு நான் வரவில்லை.

பிவட்டும் ஃபோர்க்கும்

புது ஃப்ரேம் என்றாலும் பிவட் போல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். ஒன்றைக் கழற்றித் துடைத்து, மரையில் நீல நிறத் திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, ஃப்ரேமில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். திரெட்லாக்கர் விடும் மரையில் கிரீஸ் இருக்கக் கூடாது. பேரிங் உட்காரும் இடத்திலும் அச்சின் வழவழப்பான பகுதியிலும்தான் கிரீஸ். ஷாக்கை மாட்டும் முன் பின் முக்கோணத்தைக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள், தன் எடையிலேயே தடையில்லாமல் இறங்க வேண்டும். பாதியில் நின்றால் ஏதோ ஒரு பேரிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஒரு வாஷர் இடம் மாறியிருக்கிறது. ஷாக்கை மாட்டிய பிறகு இந்தக் குறை கைக்கு அகப்படாது.

ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாயை (ஹேண்டில்பார் பக்கம் மேலே வரும் குழாய்) அறுப்பது இந்த வேலையிலேயே திரும்பி வர முடியாத காரியம். ஒருமுறை ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) சரியாக அறுத்துவிட்டு, அடுத்த வருடம் கொஞ்சம் உயரமான ஸ்டெம் வாங்கியதும் ஃபோர்க்கே பயனில்லாமல் போனது. இப்போது ஸ்டெம்முக்குக் கீழே 20 மி.மீ., மேலே 10 மி.மீ. ஸ்பேசர் வைத்து அளந்து அறுக்கிறேன். மேலே நிற்கும் ஸ்பேசர் பார்க்க அழகாக இருக்காது, இருக்கட்டும். குழாயின் விளிம்பு மேல் ஸ்பேசரின் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நிற்க வேண்டும். அப்போதுதான் மேல் மூடி ஹெட்செட்டை அமுக்கும். முதலில் மேல் மூடியைக் கையில் ஆட்டம் தெரியாத அளவுக்கு இறுக்கி, அப்புறம் ஸ்டெம்மின் பக்க போல்ட்கள். வரிசை மாறினால் மேல் மூடி செய்ய வேண்டிய வேலை நடக்காது.

பாட்டம் பிராக்கெட்டில் நினைவு வைக்க வேண்டியது ஒன்றே: மரை வைத்த வகையில் செயின் பக்கத்துக் கப் இடது மரை, எதிர்த் திசையில் திருப்பினால்தான் இறுகும். பெடலில் இது அப்படியே தலைகீழ், அங்கே இடது பெடல்தான் இடது மரை. ஷிமானோ கிராங்கின் இடது கையிலுள்ள இரண்டு போல்ட்களையும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை, ஒன்று மாற்றி ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அமுக்கிப் பார்க்கும் சோதனை

இங்கேதான் அவசரப்படக் கூடாது. இரண்டு சக்கரமும் டயரோடு மாட்டியாகிவிட்டது, டிராப்பர் போஸ்ட்டும் (ஏற்றி இறக்கக்கூடிய சீட்போஸ்ட்) சீட்டும் மேலே இருக்கின்றன, ஹோஸ்களும் கேபிளும் வழி விட்டிருக்கின்றன, ஆனால் இன்னும் எதையும் அறுக்கவில்லை. ஷாக் மாட்டியிருக்கிறது, காற்று இல்லை. காற்றை ஒரேயடியாக இறக்கினால் உள்ளேயுள்ள எதிர் அறையில் (பிரதான காற்றறைக்கு எதிராகத் தள்ளும் அறை) காற்று மாட்டிக்கொண்டு ஷாக் சுருங்கி நின்றுவிடும். அதனால் வால்வை மெல்ல அழுத்தி, வண்டியையும் கூடவே மெல்ல அமுக்கியபடி இறக்குங்கள். ஷாக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதிப்பதும் சரியல்ல, ஃப்ரேம் தன் எல்லையைத் தாண்டிப் போகும், பொய்யான அளவு கிடைக்கும்.

சீட்டின் மேல் வயிற்றைப் போட்டு அமுக்குங்கள். கடைசிச் சில மி.மீ.களில் உள்ளே இருக்கும் ரப்பர் தடுப்பு எதிர்க்கும், முழு எடையையும் கொடுக்க வேண்டியிருக்கும். தனியாக இருந்தால் சீட்டின் மேலும் பின் அச்சின் அடியிலும் சுற்றி இறுக்கும் பட்டை ஒன்று போதும். அந்த நிலையில் நான் பார்ப்பவை: டயருக்கும் சீட் டியூபுக்கும் நடுவே ஒரு சுண்டு விரலாவது போகிறதா? சேற்று டயர் போடுகிறவர்கள் இன்னும் இடம் விட வேண்டும். டிராப்பரை முழுக்க இறக்கினால் டயர் சீட்டின் பின்புறத்தைத் தொடுகிறதா? 29 அங்குலச் சக்கரமும் குட்டை ஃப்ரேமும் சேர்ந்தால் இது நிஜமாகவே நடக்கும். தம்பியின் வண்டியில் நடந்தது, சீட்டை அதன் அடியிலுள்ள தண்டவாளக் கம்பியில் 8 மி.மீ. முன்னால் தள்ளித் தீர்த்தோம். பிறகு ஹோஸ். அமுக்கிய நிலையிலும் முழுக்க நீண்ட நிலையிலும், இரண்டிலும், பிரதான பிவட்டுக்குப் பக்கத்தில் அது தளர்வாக ஒரு வளைவு போட்டிருக்க வேண்டும். இழுபடக் கூடாது, டயர் பக்கம் பிதுங்கவும் கூடாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி முன்பக்க வளைவையும் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே ஹோஸை அறுக்க வேண்டும்.

செயின் நீளமும் இந்த நிலையில்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலான ஃப்ரேம்களில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின் அச்சு கிராங்கிலிருந்து விலகுகிறது. ஸ்டாண்டில் சரியாக இருக்கும் செயின், பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போது வண்டி முழுதாக அமுங்கினால் டிரெய்லியரையே (செயினைக் கியர் மாற்றும் பாகம்) பிடுங்கிவிடும். அச்சு அதிகபட்சம் விலகிய இடத்தில் வண்டியை நிறுத்தி, செயினை டிரெய்லியர் வழியாக விடாமல் முன் பல்சக்கரத்தையும் கேசட்டின் மிகப் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றி எடுத்து, டிரெய்லியர் செய்தவர் சொல்லும் கண்ணிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணி எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும். அளக்கும் நிலை மாறாது.

டயர், பிரேக், கியர்

டியூப்லெஸ்ஸுக்கு (உள்ளே டியூப் இல்லாத டயர்) ரிம்மின் உள் அகலத்தைவிடக் கொஞ்சம் அகலமான டேப், நன்றாக இழுத்து ஒட்டியது. 29×2.4 டயருக்கு நான் 110 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுகிறேன். ஊற்றிய அன்றே ஓட்டிவிடுங்கள், சீலன்ட் உள்ளே பரவ அதைவிட நல்ல வழி இல்லை.

பிரேக்கில் எண்ணெயைக் கலக்காதீர்கள். ஷிமானோவில் மினரல் ஆயில். ஸ்ராமில் சில மாடல்களுக்கு டாட் திரவம், சிலவற்றுக்கு மினரல் ஆயில், லீவரிலேயே எழுதியிருக்கும். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிப் போகும். காலிப்பரின் இரண்டு போல்ட்களையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறுக்கினால் பாதிக்கு மேல் நேராகிவிடும், மீதியைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம். புதுப் பிரேக் பட்டைகளை மிதமான வேகத்திலிருந்து இருபது முறையாவது, சக்கரம் பூட்டாமல் மெல்ல வேகம் குறைத்துப் பழக்குங்கள்.

கியரில் ஒரே ஒரு வேடிக்கை. கேபிள் வைத்த ஸ்ராம் ஈகிள் டிரெய்லியரில், மேல் உருளைக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையேயான இடைவெளியை, ஓட்டுபவர் வண்டியில் உட்கார்ந்து சஸ்பென்ஷன் இறங்கிய நிலையில் வைக்க வேண்டும். அதாவது காற்று ஏற்றிய பிறகு. ஆக நான் சீட்டில், தோள் சுவரில். மனைவி கீழே அமர்ந்து அளவுத் தகட்டை வைத்து ஸ்க்ரூவைத் திருப்பினாள். "ஆடாம உக்காருங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று இரண்டு முறை அதட்டு வாங்கினேன். ஸ்டாண்டில் வைத்துச் சரிசெய்த இடைவெளி, உட்கார்ந்ததும் கண்ணெதிரே மாறியதைப் பார்த்த பிறகு, இதற்காக இன்னொருவரைக் கூப்பிட நான் வெட்கப்படுவதில்லை.

காற்று

இப்போது காற்று. முதலில் டயர், பிறகு சஸ்பென்ஷன். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். அதன் அழுத்தம் நாளுக்கு நாள் மாறினால் மற்ற எந்த அளவையும் நம்ப முடியாது. உடை, தலைக்கவசம், தண்ணீர் எல்லாம் சேர்த்து என் எடை 79 கிலோ. முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. என்று நிலைத்துவிட்டேன். எப்போதும் ஒரே அளவியில் பாருங்கள். இரண்டு அளவிகள் ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஷாக் பம்பை மாட்டி, செய்தவரின் அட்டவணையில் உங்கள் எடைக்கு உள்ள அளவு வரை ஏற்றுங்கள். ஏற்றும்போது 50 பி.எஸ்.ஐ.க்கு ஒருமுறை நிறுத்தி வண்டியை மெல்லப் பத்து முறை அமுக்கி விடுங்கள். எதிர் அறைக்கும் காற்று போகும், முள் கொஞ்சம் இறங்கும், மீண்டும் ஏற்றுங்கள். பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் பம்பின் குழாயில் இருந்த காற்று, ஷாக்கினுடையது அல்ல. மறுபடி மாட்டிப் பார்த்தால் முள் குறைவாகக் காட்டும், ஏனென்றால் ஷாக்கின் காற்றில் கொஞ்சம் குழாயை நிரப்பப் போய்விட்டது. இது தெரியாமல் ஷாக் ஒழுகுகிறது என்று ஒரு வாரம் கவலைப்பட்டிருக்கிறேன்.

அடுத்தது தொய்வு: நாம் ஏறியதும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பது. கம்ப்ரஷன் லீவர் (ஷாக் அமுங்குவதைக் கட்டுப்படுத்துவது) முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஓட்டும் உடையில் ஏறி, சுவரில் முழங்கையை ஊன்றி, இரண்டு மூன்று முறை லேசாகக் குதித்து அடங்கிய பிறகு ஓ-ரிங்கை (ஷாக் தண்டில் நகரும் ரப்பர் வளையம்) சீல் வரை தள்ளிவிட்டு, அசைக்காமல் இறங்குங்கள். பின்னால் 30 சதவீதம் என்று தொடங்கலாம். என் 55 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அது 16.5 மி.மீ. முன்னால் பெடலில் நின்ற நிலையில் 15 முதல் 20 சதவீதம், 150 மி.மீ. ஃபோர்க்கில் 22 முதல் 30 மி.மீ. பின்னதை உட்கார்ந்து அளக்கலாமா, நின்று அளக்கலாமா என்று கேட்பார்கள். எதுவானாலும் சரி, எப்போதும் அதையே செய்யுங்கள். நான் உட்கார்ந்து அளக்கிறேன்.

நோட்டும் நான்கு நிமிடப் பாதையும்

இனி வண்டி ஸ்டாண்டுக்குப் போகாது. நான்கு நிமிடத்தில் இறங்கி முடிக்கும் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் வேர்கள் வரிசையாக வரும் இடம் ஒன்று, ஒரு தாவல், பிரேக் பிடித்துத் திரும்பும் வளைவு ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரே ஒரு மாற்றம். சட்டைப் பையில் சின்ன நோட்டு.

ரீபவுண்ட் குமிழை (அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தை மாற்றுவது) முதலில் வலப்பக்கம் முழுக்கத் திருப்பி மூடுங்கள், அதுதான் மிக மெதுவான நிலை. அங்கிருந்து கிளிக்குகளை எண்ணித் திறங்கள். திறந்த பக்கத்திலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. எங்கிருந்து எண்ணினீர்கள் என்று நோட்டில் எழுதாவிட்டால் அந்த எண் பிறகு உதவாது. ரீபவுண்ட் மிக வேகமாக இருந்தால் தாவலின் விளிம்பில் பின்பக்கம் உதைக்கும், உடம்பு முன்னால் தள்ளப்படும். மிக மெதுவாக இருந்தால் குறி வேறு. முதல் வேர் மெத்தென்று போகும், மூன்றாவது வேர் வரும்போது கல் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் நடுவே எழ நேரமில்லாமல் ஷாக் கீழே கீழே தங்கிப்போகிறது. இதைக் காற்று அதிகம் என்று நினைத்துக் காற்றைக் குறைப்பவர்கள் உண்டு, குறைத்தால் இன்னும் மோசமாகும். இரண்டு கிளிக் திறந்து பாருங்கள்.

என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'ஃபோர்க் மூழ்குகிறது' என்றே எழுதியிருக்கிறது. வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் முன்பக்கம் தலை குனிந்தது. 82 பி.எஸ்.ஐ.யிலிருந்து 86, பிறகு 90. மூழ்குவது குறையவில்லை, உள்ளங்கைதான் வலித்தது. டயரின் பிடியும் போனது. இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு, ஃபோர்க்கை 82க்கே கொண்டுவந்து, பின் ரீபவுண்டை மூன்று கிளிக் மெதுவாக்கினேன். மூழ்குவது நின்றுவிட்டது. பின்பக்கம் வேகமாக எழுந்து என் எடையை முன்னால் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு முனையில் குறை தெரிந்தால் மறு முனையையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். சமதரையில் வண்டியின் நடுவே பெடலில் நின்று கீழே அமுக்குங்கள், முன்னும் பின்னும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து எழ வேண்டும்.

ஓ-ரிங் எங்கே நின்றது என்றும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். அன்றைய மிகப் பெரிய அடியில் முழு டிராவலும் செலவானால் சரிதான், அதற்குத்தானே வாங்கினோம். சாதாரணப் பாதையிலேயே தினமும் அடி வரை போகிறது, ஆனால் தொய்வு சரியாக இருக்கிறது என்றால் காற்றைக் கூட்டாதீர்கள். காற்று அறைக்குள் ஒரு வால்யூம் ஸ்பேசர் போடுங்கள். அறை சிறிதானால் தொடக்கம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், கடைசி மூன்றில் ஒரு பங்கு மட்டும் கெட்டியாகும். எவ்வளவு அடித்தாலும் 25 மி.மீ. மிச்சம் நிற்கிறதா, ஸ்பேசர் ஒன்றை எடுத்துவிடுங்கள். மூடியைத் திறக்கும் முன் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம்.

கம்ப்ரஷன் குமிழைக் கடைசியாகத் தொடுங்கள். மெதுவேகக் கம்ப்ரஷன் பிரேக் பிடிக்கும்போதும் பெடல் மிதிக்கும்போதும் தாங்கிக்கொடுக்கும். நான் முழுத் திறப்பிலிருந்து மூன்று கிளிக் மூடியிருக்கிறேன், அதற்கு மேல் மூடினால் சின்னக் கற்கள்கூட மணிக்கட்டில் தெரிந்தன. என் இடது மணிக்கட்டு பழைய முறிவு, அதுதான் என்னிடம் இருக்கும் நுட்பமான அளவி.

முதல் சில மணி நேரங்களுக்குப் பிறகு

ஐந்து மணி நேரம் ஓட்டியதும் பிவட், ஸ்டெம், கிராங்க் போல்ட்களை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். புது வீலின் ஸ்போக்குகளும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட்டில் ஆட்டம் தெரியும். புது ஃபோர்க்கின் சீல்கள் பழகியதும் தொய்வு சில மி.மீ. மாறும், அதனால் அதையும் ஒருமுறை திரும்ப அளந்துகொள்ளுங்கள். ஃபோர்க்கின் கீழ்க்காலைக் கழற்றி எண்ணெய் மாற்றும் வேலைக்கு ராக்‌ஷாக்ஸ் சொல்வது 50 மணி நேரம். எந்த ஃபோர்க்காக இருந்தாலும் நான் அந்தக் கணக்கையே நோட்டின் பின் அட்டையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஓட்டிய ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு.

சத்தம் வந்தால் உடனே பிவட்டைக் கழற்றாதீர்கள். போன மாதம் ஏறும்போதெல்லாம் 'கிரீச்' என்றது. நான்கு பிவட்டையும் கழற்றித் துடைத்து மாட்டினேன், சத்தம் போகவில்லை. பிறகு எழுந்து நின்று மிதித்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. சீட் தண்டவாளத்தைப் பிடிக்கும் கவ்வியில் மண்.